ஹசார்டு எது, ரிஸ்க் எது?

காரின் டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் நான்கு மூலை இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும். அதுதான் ஹசார்டு லைட். வண்டி நடுரோட்டில் நின்றுபோனால், 'இங்கே ஒரு தடை கிடக்கிறது, பார்த்து வாங்க' என்று பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்வதற்காக வைத்தது. நம் ஊரில் நிறையப் பேர் அதை நாற்சந்தியில் நேராகப் போவதற்கான சிக்னல் என்று நினைத்துக்கொண்டு போடுகிறார்கள். பக்கவாட்டில் வருகிறவருக்கு ஒரு பக்க விளக்குதான் கண்ணில் படும், இவர் திரும்பப் போகிறார் என்று நினைத்து அவர் வண்டியை விடுவார், அப்புறம் நடுச்சந்தியில் சண்டைதான். ஹசார்டைச் சொல்ல வைத்த விளக்கு, தப்பான இடத்தில் எரிந்து ரிஸ்க்கைக் கூட்டுகிறது.

இந்த இரண்டு சொற்களுக்கும் அகராதியைப் புரட்டினால் ஆபத்து, அபாயம், இடர் என்று மாறி மாறி வரும். பேச்சில் அதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரியோ, புயல் எச்சரிக்கை எழுதுகிறவரோ, ஒரு ரசாயனம் புற்றுநோய் தருமா என்று ஆராய்கிறவரோ இந்த இரண்டையும் ஒன்றாகச் சொல்லவே மாட்டார்கள். அவர்கள் சொல்வது செய்தியாகி நம்மிடம் வரும்போது இரண்டும் கலந்துவிடுகிறது, அங்கேதான் தேவையில்லாத பயமும் தேவையில்லாத தைரியமும் பிறக்கின்றன.

சுருக்கமாகச் சொன்னால், கெடுதல் செய்யும் குணம் ஒரு பொருளிடமோ சூழ்நிலையிடமோ இருந்தால் அது ஹசார்டு. அந்தக் கெடுதல் நமக்கு நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு மோசமாக இருக்கும் என்ற கணக்கு ரிஸ்க். முதலாவது அந்தப் பொருளின் சொத்து. இரண்டாவதில் நாமும் இருக்கிறோம்: எவ்வளவு பக்கத்தில் போகிறோம், எவ்வளவு நேரம், எத்தனை முறை, காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதில் சேரும்.

பாம்பை வைத்துப் பார்ப்போம். உலகத்திலேயே வீரியமான விஷம் உள்ள பாம்பு என்று சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் இன்லேண்ட் தைப்பன். ஒரு கடியில் இறங்கும் விஷம் நூறு பேரைக் கொல்லப் போதும் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் அந்தப் பாம்பு கடித்து ஒருவர் இறந்ததாக இன்றுவரை பதிவு இல்லை. அது இருப்பது மனித நடமாட்டமே அரிதான உள்நாட்டு வறண்ட நிலத்தில், எலி வளைகளைத் தேடிக்கொண்டு கூச்ச சுபாவத்தோடு. தப்பித் தவறிக் கடித்தாலும் அந்த நாட்டில் மருந்தும் மருத்துவமனையும் உண்டு. ஹசார்டு உச்சத்தில், ரிஸ்க் தரைமட்டத்தில்.

நம்மிடம் இருக்கும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் விஷத்தின் வீரியத்தில் தைப்பனுக்குக் கிட்டே வரமாட்டா. ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. காரணம் பாம்பை விட நாம் வாழும் விதத்தில்தான் அதிகம் இருக்கிறது. வெறுங்காலோடு நாற்று நடுகிறோம், டார்ச் இல்லாமல் இருட்டில் வரப்பில் நடக்கிறோம், தரையில் பாய் விரித்துப் படுக்கிறோம், கட்டுவிரியன் பெரும்பாலும் கடிப்பது அப்படித் தூங்குகிறவர்களைத்தான். கடித்த பிறகு மந்திரிக்கிறவரிடம் ஓடி இரண்டு மணி நேரத்தை விடுவது தனி.

இதற்கு நேர் எதிராக, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-இலிருந்து இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பாருங்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துத் தருகிறவர்கள் அவர்கள். அதே நான்கு பாம்புகளோடுதான் அன்றாடம் வேலை. ஆனால் பாம்பின் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கை அது. ஹசார்டு அப்படியே இருக்க, திறமை ரிஸ்க்கைப் பிடித்து இறக்கிவைக்கிறது. ஆக, ரிஸ்க் என்ற கணக்கில் மூன்று உருப்படி உண்டு: ஹசார்டு, அதோடு நமக்கு ஏற்படும் தொடர்பு, அதைத் தாங்க நம்மிடம் என்ன இருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று மாறினாலும் விடை மாறும்.

இனி செய்திகளுக்கு வருவோம். இந்தக் குழப்பம் அதிகம் விளைவது புற்றுநோய்ச் செய்திகளில்.

பிரான்சின் லியோன் நகரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒன்று இருக்கிறது, சுருக்கமாக ஐ.ஏ.ஆர்.சி. அது பொருள்களை எடுத்துப் பார்த்து, இது மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என்று வகை பிரிக்கிறது. முதல் வகை என்றால் நிச்சயமாக உண்டாக்கும். 2ஏ என்றால் பெரும்பாலும் உண்டாக்கும். 2பி என்றால் உண்டாக்கலாம், ஆதாரம் குறைவு. மூன்றாவது என்றால் முடிவு சொல்ல முடியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த வகைப்பாடு முழுக்க ஹசார்டைப் பற்றியது. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு சாப்பிட்டால், எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லவே சொல்லாது.

2015 அக்டோபரில் அந்த அமைப்பு சாசேஜ், பேக்கன், ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில் சேர்த்தது. சிகரெட்டும் அதே முதல் வகையில்தான் இருக்கிறது. அவ்வளவுதான், 'சாசேஜ் சாப்பிடுவது சிகரெட் பிடிப்பதற்குச் சமம்' என்று உலகம் முழுக்கத் தலைப்பு ஓடியது. சமம் எல்லாம் கிடையாது. இரண்டுக்கும் ஆதாரம் ஒரே அளவு உறுதி, அது மட்டும்தான் பொருத்தம். அப்போது உலக சுகாதார நிறுவனமே மேற்கோள் காட்டிய மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் சுமார் 10 லட்சம். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவர் உயரம் இன்னொருவரைப் போல முப்பது மடங்கு.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் வந்தது. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ரிஸ்க் சுமார் 18 சதவீதம் கூடும். இது ரிஸ்க்கைப் பற்றிய எண்தான், ஆனால் இதையும் தப்பாகப் படிப்பார்கள், நூறு பேர் சாப்பிட்டால் 18 பேருக்கு வரும் என்று. அப்படி இல்லை. சாப்பிடாத நூறு பேரில் ஆயுள் முழுக்கச் சேர்த்து 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், தினமும் சாப்பிடுகிற நூறு பேரில் கிட்டத்தட்ட 6 பேருக்கு வரும். ஐந்தின் 18 சதவீதம் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே. தினமும் சாப்பிடுகிறவர் யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் எப்போதோ ஒரு பீட்சாவில் நான்கு துண்டு சாசேஜ் தின்றவர் தூக்கம் கெட வேண்டிய விஷயம் இல்லை.

2023 ஜூலையில் இதே நாடகம் அஸ்பார்டேமுக்கு நடந்தது, டயட் கோலாக்களில் சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு. ஐ.ஏ.ஆர்.சி அதை 2பி-யில் வைத்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைகளை ஆராயும், அதே உலக சுகாதார நிறுவனத்துக்கும் பங்குள்ள இன்னொரு சர்வதேச நிபுணர் குழு, ஒரு நாளைக்கு இவ்வளவு வரை உள்ளே போனால் பயமில்லை என்ற பழைய அளவே போதும், மாற்ற வேண்டியதில்லை என்றது. அந்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அதைத் தாண்ட வேண்டுமானால் ஒரே நாளில் ஒன்பதிலிருந்து பதினான்கு டின்களுக்கு மேல் டயட் பானம் குடிக்க வேண்டும். 'ஒரே நிறுவனம் ஒரே நாளில் இரண்டு மாதிரி பேசுகிறதே' என்று கிண்டல் செய்தார்கள். ஒரு குழு ஹசார்டைச் சொன்னது, இன்னொன்று ரிஸ்க்கைச் சொன்னது. இரண்டு கேள்வி, இரண்டு பதில். ஆனால் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லாதது அவர்கள் பக்கத் தவறுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பட்டியலை முழுதாகப் படித்தால் வேடிக்கையாக இருக்கும். சூரிய ஒளி முதல் வகையில். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் 2ஏ. கற்றாழையின் முழு இலைச் சாறு 2பி. காப்பி 1991-இலிருந்து 2பி-யில் கிடந்து 2016-இல் மூன்றாவது வகைக்கு இறங்கியது, நாம் அந்த இருபத்தைந்து வருடமும் டிகிரி காப்பி குடித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் இதையே சாக்காக வைத்து 'எல்லாத்துக்கும் கேன்சர்னுதான் சொல்லுவாங்க' என்று பட்டியலைத் தூக்கிப் போடுவதும் சரியில்லை. 2004-இல் பாக்கு முதல் வகையில் சேர்ந்தது, புகையிலை கலக்காத வெறும் பாக்குதான். சாசேஜ் நம் ஊரில் எத்தனை வீட்டில் தினமும் சாப்பிடுகிறார்கள்? பாக்கு எத்தனை பேர் வாயில் நாள் முழுக்க ஊறுகிறது? பட்டியலில் ஒரே வகை, ஆனால் நமக்கு எது பெரிய ரிஸ்க் என்பதை நம் பழக்கம்தான் முடிவு செய்கிறது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்பது சும்மா இல்லை.

இயற்கைச் சீற்றங்களில் இந்த வேறுபாடு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹெய்ட்டியில் 7.0 அளவில் நிலநடுக்கம். பிப்ரவரி 27-ஆம் தேதி சிலியில் 8.8. எண்ணைப் பார்த்தால் அருகருகே இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் வெளிப்பட்ட ஆற்றலில் சிலியுடையது கிட்டத்தட்ட 500 மடங்கு. இறந்தவர்கள் சிலியில் சுமார் 525. ஹெய்ட்டியில் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை வெவ்வேறு மதிப்பீடுகள். ஹெய்ட்டி நிலநடுக்கம் தலைநகருக்கு மிக அருகே, ஆழம் குறைந்த இடத்தில் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும், அதனால் நகரத்தில் உணர்ந்த குலுக்கல் கடுமைதான். ஆனால் அதை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. சிலி 1960-இல் 9.5 அளவு நிலநடுக்கத்தைப் பார்த்த நாடு. கட்டட விதிகளை எழுதியது, எழுதியதைப் பெரும்பாலும் கடைப்பிடித்தது. ஹெய்ட்டியில் கம்பி போதாத கான்கிரீட் தளங்கள் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்தன.

நம் நாட்டிலேயே 1993 செப்டம்பர் 30 விடியற்காலை மகாராஷ்டிராவின் கிள்ளாரியில் வந்தது வெறும் 6.2. அப்போதைய நிலநடுக்க வரைபடத்தில் அந்தப் பகுதி கடைசி மண்டலத்தில், அதாவது ஹசார்டு மிகக் குறைவு என்ற இடத்தில் இருந்தது. ஆனால் வீடுகள் மண் வைத்துப் பூசிய கனத்த கல் சுவர்கள், மேலே பாரமான கூரை. நேரம் நான்கு மணிக்குச் சற்று முன்னால், எல்லோரும் தூக்கத்தில். சுமார் 10,000 பேர் போனார்கள். வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து 'நம்ம ஊரு சேஃப்' என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன், அந்த நிறம் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது, உங்கள் வீட்டுச் சுவரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

புயலில் நல்ல கதையும் உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் சைக்ளோனில் கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த மாநிலம் தனிப் பேரிடர் மேலாண்மை அமைப்பை உருவாக்கியது, கரையோரம் புயல் காப்பகங்கள் எழுந்தன. 2013-இல் ஃபைலின் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். அதுவும் லேசுப்பட்ட புயல் இல்லை, கரையைக் கடக்கும்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் காற்று. இறப்பு பத்துக் கணக்கில் நின்றது. வங்கக் கடலை யாரும் மாற்றவில்லை, ஹசார்டு அங்கேயேதான் இருக்கிறது.

மழைக்கும் இதே கணக்குதான். ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் மழை என்பது மேகாலயாவின் சிரபுஞ்சிக்கு ஆடி மாதத்தில் புதிதில்லை, வேளச்சேரிக்கு அது படகு வரவேண்டிய நாள். வானிலை ஆய்வு மையங்கள் இப்போது எவ்வளவு மழை பெய்யும் என்பதோடு நிற்காமல் அந்த மழை அந்த இடத்தில் என்ன செய்யும் என்றும் சொல்லப் பார்ப்பது இதனால்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் ஹசார்டைப் பார்த்து ரிஸ்க் என்று பயப்படுகிறவர்களுக்கு. எதிர்ப்பக்கத்திலும் ஒரு தந்திரம் இருக்கிறது, அது இன்னும் மோசமானது. அபாயமான பொருளைக் கையில் வைத்திருக்கிறவர்கள், 'ரிஸ்க் ரொம்பக் குறைவு, எல்லாப் பாதுகாப்பும் இருக்கு' என்று சொல்லிக்கொண்டே ஹசார்டை அப்படியே விட்டுவிடுவது.

லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிக்கக்கூடிய ரசாயனம் ஆண்டுக் கணக்கில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அது வெடிக்க வாய்ப்பு மிகக் குறைவுதான், அதனால்தான் யாரும் அவசரப்படவில்லை. 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி வெடித்தது, இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த அடுத்த நாள்களில்தான், சென்னை மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 2015-இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் அதே பொருள் கிடப்பது நமக்குப் பெரிதாகத் தெரிய வந்தது. அந்த வாரமே ஏலம் எடுத்தவரிடம் ஒப்படைத்து ஐதராபாத் பக்கம் லாரி லாரியாக அனுப்பினார்கள். ஐந்து வருடம் நகராத சரக்கு.

போபாலில் 1984 டிசம்பரில் ஒரு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையின் தொட்டியிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயுவும் இதே பாடம்தான், ரத்தம் சிந்திப் படித்த பாடம். சுமார் 40 டன் வாயு வெளியேறியது. அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக் கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. ரிஸ்க்கைக் குறைக்க என்று வைத்த ஏற்பாடுகள் எல்லாம் மனிதர்கள் பராமரிக்க வேண்டியவை, பணம் மிச்சம் பிடிக்கும்போது முதலில் வெட்டு விழுவது அங்கேதான். ஆனால் அந்த வாயு கடைசிப் பொருள்கூட இல்லை, பூச்சிக்கொல்லி தயாரிக்கும் வழியில் வரும் இடைப்பொருள். அவ்வளவு டன் சேமித்தே வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்விதான் முதலில் கேட்டிருக்க வேண்டியது. ட்ரெவர் கிளெட்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதிப் பொறியாளர் 1970-களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: உங்களிடம் இல்லாதது கசியாது.

தொழிற்சாலைப் பாதுகாப்பில் இதற்கு ஒரு வரிசை முறை வைத்திருக்கிறார்கள். முதலில் ஹசார்டை அகற்று. முடியாவிட்டால் தீமை குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் வேலி, மூடி, காற்றோட்டம் மாதிரியான ஏற்பாடு செய். அப்புறம்தான் விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. ஹெல்மெட்டும் கையுறையும் கடைசி. நடைமுறையில் முதலாளிகள் கீழேயிருந்து மேலே ஏறுகிறார்கள், ஏனென்றால் கையுறை மலிவு. செப்டிக் டேங்க் மரணங்கள் நடக்கும் ஒவ்வொரு முறையும் 'பாதுகாப்பு உபகரணம் கொடுக்கவில்லை' என்று செய்தி வரும், படிக்கும்போதே எரிச்சலாக இருக்கும். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை, துணி மாஸ்க்கால் ஒன்றும் ஆகாது. ஆளை உள்ளே இறக்காமல் இயந்திரத்தை இறக்கினால் ரிஸ்க் என்ற பேச்சே எழாது. பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்திருக்கிறது, இறக்குகிறவர்கள் இன்னும் இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கே எது என்று கேட்டால், காதில் பழகிய சில சேர்க்கைகளே வழிகாட்டும். ஈரமான தரை, அறுந்து தொங்கும் ஒயர், படிக்கட்டில் கிடக்கும் பொம்மை எல்லாம் ஹசார்டு, கையால் சுட்டிக்காட்ட முடிந்தால் பெரும்பாலும் அதுதான். ஃபயர் ஹசார்டு, ஹெல்த் ஹசார்டு என்பார்கள். ரிஸ்க்கைச் சுட்டிக்காட்ட முடியாது, கூடும் குறையும் என்றுதான் பேச முடியும்: ஹை ரிஸ்க், லோ ரிஸ்க். ரிஸ்க் எடுக்கலாம், ஹசார்டு எடுக்க முடியாது. மனிதர்கள் அட் ரிஸ்க் ஆக இருப்பார்கள், அட் ஹசார்டு என்று இப்போது யாரும் எழுதுவதில்லை. வினைச்சொல்லாக ஹசார்டு இன்று உயிரோடு இருப்பது அநேகமாக 'ஹசார்டு எ கெஸ்' என்ற ஒரே இடத்தில்தான், தப்பாகப் போனாலும் பரவாயில்லை என்று ஒரு ஊகத்தைச் சொல்வது. அங்கே அதன் பொருள் ரிஸ்க்குக்கு நெருக்கமாக இருக்கிறதே என்று தோன்றினால், ஆமாம், பழைய இங்கிலாந்தில் ஹசார்டு என்பது ஒரு தாயக்கட்டைச் சூதாட்டத்தின் பெயர். அந்தப் பழைய வாடை இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பங்குச் சந்தைக்காரர்களிடமும் காப்பீட்டுக்காரர்களிடமும் மட்டும் இந்த அளவுகோலை நீட்ட வேண்டாம். சந்தையில் ரிஸ்க் என்றால் விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்ற ஊசலாட்டம். காப்பீட்டில் தீ, திருட்டு மாதிரி நஷ்டம் உண்டாக்குவதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அது நடக்கும் வாய்ப்பைக் கூட்டுகிற நிலைமையைத்தான் ஹசார்டு என்பார்கள். 'மாரல் ஹசார்டு' என்று ஒன்றும் உண்டு: போன் உடைந்தால் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததும், உறை போடாமல் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறோமே, அது.